பின்விளக்கும் தலைவிதியும்

நமது நாட்டில் ஒருவர் புதிதாக ஒரு லாரி வாங்கினால், அந்த லாரிக்கு நடக்கிற சடங்குகள் ஒரு கலியாணத்திற்கு நடக்கிற சடங்குகளுக்குச் சிறிதும் குறைந்தவையாயிருப்பதில்லை. நாள் பார்க்கப்படுகிறது, ராகு காலமும் எமகண்டமும் தள்ளப்படுகின்றன, சக்கரம் ஒன்றுக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப்படுகிறது, பூசணிக்காய் சுற்றி நடுரோட்டில் உடைக்கப்படுகிறது, முன்புறத்தில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கட்டப்படுகின்றன, கறுப்புக் கயிறு தொங்கவிடப்படுகிறது, பின்புறத்தில் பல்லும் நாக்கும் நீட்டிய ஒரு பூத முகம் திருஷ்டிக்காக எழுதப்படுகிறது. இவ்வளவும் எதற்காக என்று கேட்டால், வண்டிக்கு ஆபத்து வராமல் இருப்பதற்காக என்றுதான் பதில் வருகிறது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே லாரியை ஓர் இரவில் பின்னாலிருந்து பார்ப்போமானால் என்ன தெரிகிறது? பூத முகம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கீழே எரியவேண்டிய சிகப்பு விளக்கை மாத்திரம் காணோம். ஒரு பக்கத்து விளக்கு உடைந்துபோயிருக்கும். மற்றொரு பக்கத்து விளக்கு சேறு அப்பிக்கிடக்கும். அல்லது தார்ப்பாய் அதன்மேல் தொங்கி மூடியிருக்கும். விளக்கு இல்லாததால் பூத முகமும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பாவம், பூதத்திற்குங்கூட வெளிச்சம் வேண்டியிருக்கிறது!

இதை நாம் லாரிக்காரர்களைப் பரிகாசம் செய்வதற்காகச் சொல்ல வரவில்லை. 1997ஆம் வருஷம் வரையில் ஒரே ஜில்லாவாயிருந்த சேலம், நாமக்கல் பிரதேசத்தில் லாரி என்பது எத்தனை குடும்பங்களின் அடுப்பை எரியவைக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. மழையை நம்பிய மேட்டுநிலச் சீமையில், நாமக்கல்லில் லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகளும், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும், எரிவாயு டாங்கர் லாரிகளும் ஏற்பட்டது கடவுள் கொடுத்த வரத்தினால் அல்ல. மனிதர்களுடைய முயற்சியினாலும் கைத்திறனாலுமேயாகும். தச்சரும், கொல்லரும், வெல்டரும், எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து வெறும் சட்டத்தின்மேல் ஒரு முழு வண்டியை எழுப்புகிற ஊரிலிருந்து புறப்படும் வண்டிக்கு, ஒரு சிகப்பு விளக்கை அணையாமல் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? தெரியாமல் இல்லை, அது முக்கியம் என்று தோன்றவில்லை என்பதுதான் விஷயம். ஏன் தோன்றவில்லை என்பதைப்பற்றியே நாம் இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, இதனால் விளைகிற கேடு எவ்வளவு என்று பார்ப்போம். 2022ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் ரோடு விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகாவே கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884 உயிர். அதாவது நாளொன்றுக்கு 49 பேர். அவ்வருஷம் விபத்தின் எண்ணிக்கையில் தமிழ்நாடே 64,105 என்ற கணக்கோடு எல்லா மாகாணங்களுக்கும் முதலாவதாக நின்றது. எதிலோ முதலாவதாக வரவேண்டிய நாம் இதில் முதலாவதாக வந்திருக்கிறோம்! மூன்று மூன்று மணி நேரமாகப் பிரித்துப் பார்க்கும்போது, அதிகமான விபத்து நடப்பது மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலுள்ள நேரத்தில் என்பதும் அதே கணக்கில் காண்கிறது. அதாவது சூரிய வெளிச்சம் போய், மனிதன் ஏற்றுகிற வெளிச்சத்தை நம்பி ஜனங்கள் நடமாடுகிற நேரம்.

நமது பிரதேசத்தில் நடந்த ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 6ந் தேதி பொழுது விடியுமுன், சங்ககிரிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் ஒரு வேன் மோதி, ஒரு வயதுக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் மாண்டார்கள். இதில் இன்னார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதற்காக நாம் இதை எடுத்துக்காட்டவில்லை. ஓடுகிற லாரியைவிட இருட்டில் சும்மா நிற்கிற லாரி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நம்மவர்கள் உணரவேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே போகிற 44ஆம் நம்பர் ரோட்டிலும், சங்ககிரி வழியாகக் கோயமுத்தூர் போகிற 544ஆம் நம்பர் ரோட்டிலும் இராப்பிரயாணம் செய்கிறவர்களுக்கு, இருட்டிலிருந்து திடீரென்று ஒரு சுவர்போல முளைக்கிற லாரியின் முதுகைப்பற்றி நாம் விவரிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இப்படிப்பட்ட சாவு நடந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் என்ன சொல்லிவிட்டு வருகிறார்கள்? "எல்லாம் விதி, அவன் தலையில் அப்படி எழுதியிருந்தது, நேரம் வந்தால் யார் தடுக்க முடியும்?" என்பதாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். நாமும் அது விதி சம்பந்தப்பட்ட விஷயந்தான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த விதி தலையில் எழுதப்பட்டதல்ல. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் என்கிற புத்தகத்தில் 105ஆவது விதியாக அச்சுப்போட்டு எழுதப்பட்டிருக்கிறது. இருட்டில் ரோட்டிலிருக்கிற மோட்டார் வண்டியின் பின்புறத்தில் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியக்கூடிய சிகப்பு விளக்கு எரியவேண்டும் என்றும், நம்பர் பலகை 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி வெளிச்சம் இருக்கவேண்டும் என்றும் அந்த விதி சொல்லுகிறது. தலையெழுத்தைப் படித்தவன் உலகத்தில் ஒருவனும் இல்லை. இந்த எழுத்தையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் படிக்கலாம். படிக்க முடியாத விதிக்குப் பயந்து, படிக்கக்கூடிய விதியைக் கைவிட்டதன் பலனைத்தான் நாம் தினமும் ஆஸ்பத்திரிப் பிணக்கிடங்கில் பார்க்கிறோம்.

இந்த 155 மீட்டர் என்பது யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கல்ல. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் தூரம் ஓடுகிறது. பின்விளக்கு எரிந்து 155 மீட்டரிலேயே தெரிந்துவிட்டால், பின்னால் வருகிறவனுக்கு 7 விநாடி நேரம் கிடைக்கிறது. விளக்கு இல்லாமல் போனாலோ, தன்னுடைய தாழ்வெளிச்சம் எட்டுகிற நாற்பது, நாற்பத்தைந்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் எதிரே ஏதோ நிற்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. அப்போது அவனுக்குக் கிடைப்பது 2 விநாடிதான். கண் கண்டு, மூளை அறிந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஏறக்குறைய ஒன்றரை விநாடி போய்விடும். அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். மிதித்த பிறகு நல்ல ரோட்டில் நிற்பதற்கு மேலும் 40 மீட்டர்போல வேண்டும். ஆக, நிற்க வேண்டிய தூரம் 70 மீட்டருக்கு மேல். இருக்கிற தூரம் 45 மீட்டர். மீதித் தூரம் யாருடைய கணக்கில் போகிறது? மணிக்கு அறுபது கிலோ மீட்டருக்குக் குறையாத வேகத்தில் மோதுகிற கணக்கில்தான் போகிறது. தவிரவும், லாரியின் அடித்தட்டு உயரமாயிருப்பதால், பின்தடுப்பு ஒழுங்காயில்லாவிட்டால் காரின் மூக்கு லாரிக்கு அடியில் புகுந்து, லாரியின் தட்டு நேராகக் காருக்குள் இருப்பவர்களின் தலைக்கு வருகிறது. ஆகவே 7 விநாடிக்கும் 2 விநாடிக்கும் உள்ள வித்தியாசந்தான் அந்த வண்டியிலிருக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த 5 விநாடியை எந்த எலுமிச்சம்பழமாவது வாங்கிக்கொடுக்குமா? சில டீயின் விலையில் கிடைக்கிற ஒரு பல்பு வாங்கிக்கொடுக்கும்.

நிற்க, இவ்வளவு சுலபமான காரியம் ஏன் நடப்பதில்லை? நாம் யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணந்தான் நமக்குப் புலப்படுகிறது. வண்டியிலுள்ள விளக்குகள் இரண்டு ஜாதி. ஒன்று, வண்டிக்காரன் தான் பார்ப்பதற்காக எரிப்பது. மற்றொன்று, தன்னைப் பிறர் பார்ப்பதற்காக எரிப்பது. முன்விளக்கு அணைந்துபோனால் வண்டிக்காரனுக்கே ரோடு தெரியாது. ஆதலால் அது அந்த இரவே பழுது பார்க்கப்படுகிறது. பின்விளக்கோ, அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிற யாரும் ஒருநாளும் பார்க்க முடியாத விளக்கு. பின்னால் வருகிற முகம் தெரியாத ஒருவனுக்காக மாத்திரமே அது எரிகிறது. அதனால்தான் அது எரிந்தாலும் கேள்வியில்லை, எரியாவிட்டாலும் கேள்வியில்லை. எலுமிச்சம்பழம் என் வண்டிக்கு, என் முதலுக்கு, என் குடும்பத்திற்கு. பின்விளக்கோ யாருக்கோ! தனக்கு மோட்சம் கிடைக்கவேண்டும் என்பதையே பெரிய ஒழுக்கமாகப் படித்து வந்த ஜனங்களிடம், பிறனுடைய கண்ணுக்காக ஒரு விளக்கை ஏற்றிவைப்பதுதான் ஒழுக்கம் என்று சொன்னால் அது புதிதாகத்தான் தோன்றும். ஆனால் நம்மைப் பொறுத்தவரையில் ஒழுக்கம் என்பதற்கு இதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

இதற்கு மறுபக்கமாக முன்விளக்கின் அக்கிரமம் ஒன்று இருக்கிறது. பின்னாலே விளக்கில்லை என்றால், முன்னாலே வேண்டாத விளக்கெல்லாம் இருக்கிறது. வண்டியோடு வந்த விளக்குப் போதாதென்று கடைவீதியில் வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. விளக்குகளை வாங்கி வரிசையாகப் பூட்டிக்கொள்ளுகிறார்கள். எதிரே ஆள் வந்தால் டிம் அடிப்பது தனக்கு அவமானம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 106ஆவது விதியின்படி, முன்விளக்கின் ஒளி 8 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள எதிராளியின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்கவேண்டும். எவ்வளவு பேர் இதைக் கவனிக்கிறார்கள்? கண் கூசியவனுக்குப் பார்வை மறுபடியும் தெளியச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாகும். 5 விநாடி என்று வைத்துக்கொண்டாலும், 80 கிலோ மீட்டர் வேகத்தில் அவன் 110 மீட்டர் தூரம் குருடனாக வண்டி ஓட்டுகிறான் என்று அர்த்தம். அந்தத் தூரத்திற்குள் விளக்கில்லாத ஒரு கரும்பு டிராக்டரோ, ரோட்டைக் கடக்கிற ஒரு கிழவியோ இருந்தால் என்ன ஆகும்?

முற்காலத்தில் பெரிய மனிதர் தெருவில் வந்தால் எளியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, தலை குனிந்து நிற்கவேண்டும் என்று இருந்தது. அதை ஒழிப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! இன்று பெரிய காரின் விளக்கு சைக்கிள்காரனையும், மொபெட்டில் மனைவி மக்களை வைத்துக்கொண்டு போகிறவனையும் கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் இறங்கச் செய்கிறதென்றால், பழைய பெரியதனம் மோட்டாரில் ஏறி வருகிறது என்றுதானே அர்த்தம்? ரோடு எல்லோர் வரிப்பணத்திலும் போடப்பட்டது. அதில் நடக்கிறவனுடைய கண்ணும் காரில் போகிறவனுடைய கண்ணும் ஒரே மதிப்புடையவைதான்.

விளக்கு விஷயத்தில் லாரியை மாத்திரம் குறைசொல்லி மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. மோகனூர்ப் பக்கத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர் பெட்டிக்கு மேலும் வெளியிலும் கரும்பை நீட்டி ஏற்றிக்கொண்டு போகும்போது, இருக்கிற விளக்கும் சோகைக்குள் மறைந்துபோகிறது. மாட்டுவண்டிக் காலத்தில், வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்காவது ஆடிக்கொண்டு போயிற்று. 2017 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படுகிற மோட்டார் சைக்கிள்களில் முன்விளக்கு தானாகவே எப்போதும் எரியும்படி சட்டம் செய்யப்பட்டது. அதையும் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து அணைத்துக்கொள்ளுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். நடுவழியில் வண்டி பழுதானாலோ, நான்கு கல்லையும் ஒரு வேப்பங்கொத்தையும் ரோட்டில் வைப்பது வழக்கமாயிருக்கிறது. கொத்து இருட்டில் தெரிவதில்லை. வண்டி போன பிறகு கல் அங்கேயே கிடந்து, அடுத்து வருகிற சைக்கிள்காரனின் மண்டையை உடைக்கிறது. ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் வழுக்கி விழுந்தவர்களின் கதையும் இதுதான். ஒருவனுக்கு வரவேண்டிய ஆபத்தை நீக்குவதாகச் சொல்லி, அதை இன்னொருவனுக்கு வழியில் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர்தான் திருஷ்டி கழிப்பு போலும்!

சிலர், "எலுமிச்சம்பழம் கட்டுகிறவன் கட்டிக்கொண்டு போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். பழத்தின் விலை நஷ்டம் என்பதற்காக நாம் சொல்லவில்லை. அந்தப் பழத்தைக் கட்டினவுடன், செய்யவேண்டிய காரியம் செய்து முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி ஏற்பட்டுவிடுகிறதே, அந்த நிம்மதிதான் நஷ்டம். பயம் மனிதனை ஜாக்கிரதையாயிருக்கச் செய்யவேண்டும். அந்தப் பயத்தைப் பழத்தினிடம் ஒப்படைத்துவிட்டவன் பல்பைப்பற்றி நினைப்பதில்லை.

வேறு சிலர், "பின்னால் வருகிறவன் பார்த்து வர வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். பார்த்துத்தான் வரவேண்டும், வேகத்தைக் குறைத்துத்தான் வரவேண்டும். ஆனால் வெளிச்சமில்லாத பொருளைப் பார்க்க ஆந்தைக்கு இருக்கிற கண் மனிதனுக்கு இல்லையே!

இன்னும் சிலர், ஒளி திருப்பும் ஒட்டுநாடா விஷயத்தில் தங்கள் குறையைச் சொல்லுகிறார்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிகப்பு என்று ஒட்டவேண்டிய அந்த நாடா மின்சாரம் கேட்பதில்லை, ஒயர் கேட்பதில்லை. பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தை வாங்கி வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் 1993 டிசம்பர் முதல் செய்யப்படுகிற பெரிய டிரெயிலர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அதனால் இருட்டில் அவற்றின் பக்கத்திலும் பின்னாலும் மோதுகிற விபத்துகள் நூற்றுக்கு 29 வீதம் குறைந்ததாக அந்நாட்டுச் சர்க்கார் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சி சொல்லுகிறது. நம் நாட்டில் என்ன ஆயிற்றென்றால், குறிப்பிட்ட சில கம்பெனிகளிடமே நாடா வாங்கவேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, 2020 டிசம்பரில் தமிழ்நாட்டு லாரி உரிமையாளர் சம்மேளனத்தார் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. தரமுள்ள நாடாவை எங்கும் நியாய விலைக்கு வாங்கலாம் என்றிருக்கவேண்டும் என்பதில் நாம் லாரிக்காரர்கள் பக்கமே. ஆனால் விலையோடு சண்டை போடவேண்டியவர்கள் நாடாவோடு சண்டை போட்டு, எப்.சி. பரீட்சை அன்றைக்கு ஒட்டி மறுநாள் கிழிந்துபோகிற போலி நாடாவோடு ரோட்டுக்கு வருவது, பரீட்சை செய்தவரை ஏமாற்றியதாகாது. ரோட்டில் போகிற ஏழையை ஏமாற்றியதேயாகும்.

சர்க்காருக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு. எட்டு வருஷத்திற்கு உட்பட்ட லாரிக்கு இரண்டு வருஷத்திற்கொரு தரமும், அதற்கு மேற்பட்டதற்கு வருஷத்திற்கொரு தரமும் எப்.சி. பார்க்கிறார்கள். பல்பு இரண்டு வருஷம் காத்திருந்து அணைவதில்லை. ஓமலூரிலும், வைகுந்தத்திலும், ராசம்பாளையத்திலும் சுங்கச்சாவடி வைத்து, சக்கரத்தையும் அச்சையும் எண்ணிப் பணம் வாங்கத் தெரிகிறது. அங்கேயே விளக்கையும் எண்ணிப் பார்த்து, எரியாத வண்டியை ஓரங்கட்டி, பல்பு போட்டபிறகு அனுப்பினால் என்ன? டிரைவரும் மனிதன்தான், தூக்கம் வந்தால் தூங்கித்தான் ஆகவேண்டும். பணம் வாங்குகிறவர்கள் போதுமான தூரத்திற்கு ஒன்றாக லாரி நிறுத்த வெளிச்சமுள்ள இடம் செய்து கொடுக்காமல், அவன் ரோட்டோரத்தில் நிறுத்தினான் என்று அவன்மீது மாத்திரம் கேஸ் போடுவதில் நியாயமில்லை. லாரி முதலாளிகளும் கிளீனர் சம்பளத்தை மிச்சம்பிடித்து ஒரே ஆளை இரவெல்லாம் ஓட்டவிட்டால், விளக்கைத் துடைப்பது யார் என்பதை யோசிக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான். டிரைவர் தோழர்கள், வண்டி எடுக்குமுன் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் பாதியைச் செலவழித்து, ஒருதரம் வண்டியின் பின்னால் போய் நின்று பார்க்கவேண்டும். சேற்றைத் துடைத்து, தார்ப்பாயை ஒதுக்கி, விளக்கு எரிகிறதா என்று கவனிக்கவேண்டும். டாஷ் பெட்டியில் இரண்டு பல்பு இருக்கட்டும். வண்டியோடு வந்த எச்சரிக்கை முக்கோணத்தைச் சீட்டுக்கடியில் புதைத்து வைக்காமல், நின்றவுடன் தூரத்தில் வைத்து, போகும்போது எடுத்துப்போகவேண்டும். பட்டறைக்காரர்கள், உடல் கட்டும்போதே விளக்கை இடிபடாத இடத்தில் வைத்து, ஒயர் அறுபடாதபடி குழாய்க்குள் விடவேண்டும். விவசாயத் தோழர்கள், டிராக்டர் பெட்டியின் பின்னால் பாரம் மறைக்காத இடத்தில் நாடாவை ஒட்டவேண்டும். கார்காரர்கள், எதிரே வருகிறவன் தம்மைப் போன்ற மனிதன் என்று எண்ணி விளக்கைத் தாழ்த்தவேண்டும். நமது இயக்க வாலிபர்கள் ஆயுத பூஜை நாளில், ரோடு முனையில் நின்று பூசணிக்காயைப் பரிகாசம் செய்வதோடு நின்றுவிடாமல், ஒரு டப்பா பல்பும் ஒரு சுருள் நாடாவும் கையில் வைத்துக்கொண்டு, விளக்கில்லாத வண்டிக்கு விளக்குப் போட்டு அனுப்புவார்களானால், நூறு பிரசங்கம் செய்யாத வேலையை அது செய்யும்.

கோயிலில் ஏற்றுகிற விளக்கு ஏற்றினவனுக்குப் புண்ணியம் என்கிறார்கள். அதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால் லாரியின் முதுகில் எரிகிற சிகப்பு விளக்கினால் யாரோ ஒருவன் இன்றிரவு தன் வீடு போய்ச் சேருவான் என்பது நிச்சயம். அவன் யார் என்பது விளக்குப் போட்டவனுக்குத் தெரியப்போவதில்லை. அவனும் வந்து நன்றி சொல்லப்போவதில்லை. அப்படியிருந்தும் அந்த விளக்கை ஏற்றுகிறவனே மனிதத் தன்மை உடையவன் என்பது நமது அபிப்பிராயமாகும்.